ஆஸ்திரேலியக் கவிதைக்குள் திருநீர்மலைத் துளசி

மகள் மெல்போர்னுக்கே போய்விடப் போகிறாள் என்று கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை கிடைத்து, விசாவும் வந்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் அம்மாவிடம் சொல்கிறாள். மேடவாக்கத்தில் ஃபிளாட், ஓ.எம்.ஆரில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் தாம்பரத்தில் என் கையால் மீன்குழம்பு. இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

கத்திப் பார்த்தேன், மசியவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஆஸ்திரேலியக் கவிதைத் தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. கடைக்காரர் அதை விளையாட்டுப் புத்தகங்களோடு அடுக்கியிருந்தார்.

"ஆஸ்திரேலியான்னு போட்டுகீதே, கிரிக்கெட்டுனு நென்ச்சிகினு இருந்தேங்கா. தொறந்து பாத்தா ஒரே பாட்டு. எட்த்துகினு போங்க, இத்த யாரும் கேக்கல."

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். கவிதையால் பிள்ளைகளைத் தூங்கவைக்க முடியும் என்பது தெரியும். பயமுறுத்தவும் முடியும் என்பது இந்தப் புத்தகத்தில்தான் தெரிந்தது. ஒரு கவிதையில் ஆறு வற்றுகிறது. அடுத்ததில் காடு எரிகிறது. புரட்டினால் பாம்பு. இன்னும் புரட்டினால் ஆடு தேடிப் போனவன் வழிதவறித் தாகத்தில் சாகிறான், குதிரையும் கூடவே சாகிறது. அந்த ஊர்க் கவிஞர்கள் நல்ல நாளில் பேனாவையே தொடமாட்டார்கள் போலிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஞாயிறுதோறும் அவள் சாப்பிட உட்கார்ந்ததும் ஒன்றை எடுத்து வாசித்துத் தமிழில் விளக்குவேன். சாவு வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவேன்.

"அம்மா, நான் மேடவாக்கத்துல தண்ணி லாரிக்காக லீவு போட்டுக் காத்துட்டு இருக்கேன். எனக்குப் போய் வறட்சியா?" என்றாள், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

என் வீட்டுக்காரர் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "நம்ம ஊர்க் கவிதையப் படிச்சுட்டு ஒருத்தன் தாம்பரத்துக்கு வந்தா, பஸ் ஸ்டாண்டுல மயிலைத் தேடுவான். விடும்மா."

விடவில்லை. ஆனால் தோற்றுவிட்டேன். டிக்கெட் போட்டுவிட்டாள்.

கிளம்பும் அன்று காலை திருநீர்மலை ஏறி, பெருமாளிடம் அவளுக்காக வேண்டிக்கொண்டு, துளசி வாங்கி வந்தேன். கையில் கொடுத்தால் மாட்டேன் என்பாள். கவிதைப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். எனக்கு வேண்டிய பக்கம் கிடைக்க வெகுநேரம் ஆனது. துளசியை அதில் வைத்து மூடி, "இதையாவது எடுத்துட்டுப் போ" என்று நீட்டினேன்.

"குடு, ஃபிளைட்ல தூக்கம் வரும்" என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மெல்போர்ன் விமான நிலையத்திலிருந்து போன். எடுத்ததுமே திட்டு.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? நாய் ஒண்ணு வந்து என் பை பக்கத்துல உக்காந்துடுச்சு. இந்த ஊருக்குள்ள இலை, விதை எதுவும் வரக்கூடாதாம். ஆபீஸர் புக்கைப் பிரிச்சு ஒவ்வொரு பக்கமா தேடி, துளசியை இடுக்கியால எடுத்துப் போட்டுட்டாரு. மானமே போச்சு!"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர்களுடைய தீ, பாம்பு, பஞ்சம் அத்தனையும் புத்தகத்தில் ஏறி என் வீட்டுக் கூடம்வரை வந்தது. நான் எந்த நாயையாவது ஏவினேனா? இலைக்கு வந்துவிட்டார்கள்!

திட்டி முடித்தவள் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது.

"அம்மா, இலை இருந்த பக்கத்துல ஈரக்கறை இருக்கு. அந்தக் கவிதையை இப்பதான் படிச்சேன். ஒரு பொம்பள கொல்லையில துணி காயப்போடறா. காத்தடிக்குது. துணி காஞ்சதும் எடுத்துட்டு உள்ள போயிடறா. அவ்வளவுதான். எல்லாத்துலயும் யாராவது சாவாங்கன்னு சொன்னியே, இதுல யாரும் சாகலயே?"

"தெரியும்டி" என்றேன். "அதனாலதான் அங்க வெச்சேன்."