ஒழுகும் மாளிகை

பெக்-லானுக்குத் தொழிற்பயிற்சி நிலையம் கொடுத்த சான்றிதழ் அவர் கடைச் சுவரில் தொங்குகிறது. "அமைதியான சுபாவம். கொடுத்த மாதிரியிலிருந்து இம்மியும் விலகாதவர்" என்று அதில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே நின்றுதான் அவர் கொய்யாவைக் கடித்தபடி நாள் முழுக்கக் கத்துவார். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் மாதிரிகளைப் பார்த்து அவர்கள் முகத்துக்கு நேராகவே சிரிப்பார்.

இறந்தவர்களுக்காக எரிக்கும் காகித வீடுகளைச் செய்வது இந்தப் பெண்மணியின் தொழில். தைனான் நகரில் எங்கள் சந்துக்காரர்களில் பாதிப் பேர் வாடகை வீட்டில் செத்து, பெக்-லான் கட்டிய மாளிகைக்குக் குடிபோனவர்கள்.

எதிர்வீட்டு தியாம்-கோக் குளிர்காலத்தில் இறந்தபோது, மகன் ஜுன்-ஹாவ் குறையே இல்லாத வீடு ஒன்று கேட்டான். அவன் பக்கம் நியாயம் இருந்தது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவன் அப்பா வீட்டுக் கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஒழுகலை அடைத்தால் இன்னொன்று கிளம்பும். மனிதர் அதற்காக வருத்தப்பட்டதாகத்தான் தெரியவில்லை.

பெக்-லானும் மனசு வைத்துச் செய்தார். மூன்று மாடி, லிஃப்ட், பளிங்குத் தரை, ஏவலுக்குப் பெயர் எழுதி ஒட்டிய ஒரு வேலைக்காரன், ஒரு வேலைக்காரி. சாவுப் பந்தலில் அதை இறக்கியபோது சந்தே வாயைப் பிளந்தது.

இருட்டுவதற்குள் எரித்தாக வேண்டும். அதற்கு முன் இறந்தவரிடம் கேட்க வேண்டும். இரண்டு நாணயங்களைப் போட்டால் ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழ வேண்டும், அதுதான் சம்மதம்.

மனைவி சியூ-யுன் நாணயங்களைக் கையில் குலுக்கினார். "ஏங்க, வீடு புடிச்சிருக்கா?"

இரண்டும் தலை. மறுபடி போட்டார். இரண்டும் பூ. இன்னொரு தரம். மறுபடி இரண்டும் தலை.

பள்ளியில் நிகழ்தகவு நடத்துகிறவன் நான். இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். முதுகு சில்லிட்டது வேறு விஷயம்.

"வேலைக்காரியப் புடிக்கலையோ?" என்றார் பெக்-லான்.

"அவள நல்லாவே புடிக்கும். வீடுதான் புடிக்கல" என்றார் சியூ-யுன்.

ஜுன்-ஹாவுக்கு அழுகை வந்துவிட்டது. "இதுல என்னம்மா குறை? நீயே சொல்லு."

"அங்க போயி உங்கப்பா என்னடா பண்ணுவாரு? லிஃப்டுல மேல போவாரு, கீழ வருவாரு. மத்தியானத்துக்குள்ள சலிச்சுப்போயிரும். அப்புறம் என் கனவுல வந்து உக்காந்துக்குவாரு. அந்த மனுசன வீட்ல சும்மா வச்சிருந்தா என்ன பாடுன்னு எனக்குல்ல தெரியும்!"

"அதுக்காக அங்கயும் ஒழுகணுமா?"

அம்மா மாளிகையின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெக்-லான் கொய்யாவைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம் அத்தை?"

"சமையக்கட்டுக்கு மேல. மேற்கு மூலை."

"இப்படி ஒரு வீடு இனிமே என் கையால வராது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்டி கண்ணு. அதான் உங்கிட்டயே கேக்குறேன்."

பெக்-லான் முணுமுணுத்துக்கொண்டே மூங்கில் சிம்பும் பசையும் எடுத்துவந்து, தோள்வரை மாளிகைக்குள் நுழைந்தார். வெளியே வந்ததும் சியூ-யுன் நாணயங்களைப் போட்டார்.

ஒன்று தலை. ஒன்று பூ.

"பாத்தியா, பாத்தியா!" என்று சியூ-யுன் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். ஜுன்-ஹாவ் பெக்-லானின் பசை ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, விடத் தெரியாமல் நின்றான். அலையும் ஆவிகள் வீட்டைப் பறித்துவிடாமலிருக்க எல்லோரும் கைகோத்து வளையமாக நின்றோம். கணக்கு வாத்தியாரான நானும் யாரும் நுழைந்துவிடாதபடி கையை இறுக்கித்தான் பிடித்தேன். வீடு நன்றாக எரிந்தது. கனவில் கணவர் வரவில்லை என்று சியூ-யுன் ஒவ்வொரு கோடையிலும் பெக்-லானுக்கு மாம்பழம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

பெக்-லான் செய்தது இவ்வளவுதான்: தன் கையால் உருவான ஆகச் சிறந்த வீட்டின் கூரையில் விரலால் ஓர் ஓட்டை போட்டார். அதற்கு நேர் கீழே சிவப்புக் காகிதத்தில் ஒரு வாளி செய்து வைத்தார். பக்கத்தில் ஓர் ஏணியைச் சாத்தினார்.