அப்பா கொத்திய பாறை

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சிவில் படித்தேன். நிலநடுக்கம் வந்தால் குற்றாலத்து மலைச்சரிவில் பாறை நிற்குமா, சரியுமா என்பதுதான் என் கடைசி வருட ப்ராஜெக்ட். அது தேறினால்தான் பட்டம்.

மலையடிச் சாலையோரம் விழுந்துகிடந்த பாறைகளில், ஒன்றின்மேல் ஒன்று பொருந்திய இரண்டு தட்டைக்கற்களை அனுமதி வாங்கி எடுத்து, குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்திருந்தேன். சோதனை எளிது. கீழ்க்கல்லைப் பலகையில் கட்டி, மேல்கல்லை அதன்மேல் வைத்து, பலகையை மெல்லத் தூக்க வேண்டும். எந்தச் சாய்வில் மேல்கல் வழுக்குகிறதோ, அதிலிருந்துதான் கணக்கு தொடங்கும். நிலநடுக்கத்தின் உலுக்கலைப் பிறகு சேர்ப்போம்.

வெள்ளிக்கிழமை அப்பாவைத் துணைக்கு வைத்து ஒத்திகை பார்த்தேன். பலகை கொஞ்சம் சாய்வதற்குள் கல் வழுக்கி மண்ணில் விழுந்தது. அப்பாவுக்கு முகமே செத்துவிட்டது.

"வழுக்கிட்டுலே."

"வழுக்கத்தான்பா செய்யும்," என்று சொல்லிவிட்டு நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நூலகத்திலிருந்து திரும்பும்போது முற்றத்தில் டொக் டொக் என்று சத்தம். அப்பா குத்தவைத்து, அம்மி கொத்துவதுபோல, இரண்டு கற்களையும் புள்ளி புள்ளியாக உளியால் கொத்திக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று, "அந்த மூலைய விட்டுட்டியளே," என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பா, என்ன காரியம் செஞ்சிய!"

"இனி வழுக்காது. வேணும்னா தூக்கிப் பாரு."

தூக்கினேன். பலகை பாதிக்குமேல் நிமிர்ந்த பிறகும் மேல்கல் அசையவில்லை. அந்தக் கணக்குப்படி, எப்பேர்ப்பட்ட நிலநடுக்கம் வந்தாலும் குற்றாலத்தில் குளித்துக்கொண்டே இருக்கலாம்.

"அந்த மலைய யாரு போய்க் கொத்துதது? நீங்களா?" என்று கத்தினேன்.

"மலைய விடுலே. உனக்கு மார்க்கு போடுதது மலையா?"

ஞாயிற்றுக்கிழமை அதே சாலையோரப் பாறைகளில் வேறொரு ஜோடி தேடி எடுத்தோம். கற்களின் முகத்தில் கீறல் விழக்கூடாது என்றேன். அப்பா அவற்றைத் தன் கல்யாணப் பட்டுவேட்டியில் சுற்றி, ஆட்டோவில் வீடுவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை கல்லூரியில் தேர்வாளர் முன்னால் பலகையைத் தூக்கினேன். கல் வழுக்கித் தரையில் விழுந்த சத்தத்துக்கு, என்கூட வந்து வெளியே நின்ற அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"சார், பையன் மேல தப்பு இல்ல. நல்லாத்தான் படிச்சான். கல்லுதான் சரியில்ல."

தேர்வாளர் என் அறிக்கையில், பாறை சரியும் என்று முடிவு எழுதியிருந்த கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க பையனும் அதையேதான் எழுதியிருக்காரு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தென்காசி பஸ் ஏறிய பிறகும், "வழுக்கினதுக்கா பாஸ் போட்டாவ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.