வெள்ளை வேலியும் பச்சை வேலியும்

டார்லீன் குபியாக் என்ற பெயர் ட்ரூடியின் காதில் முதலில் விழுந்தது அவள் அம்மாவின் தங்கை ஆக்னஸ் சித்தி வாயிலிருந்துதான். "குபியாக் வீட்டுப் பொண்ணு டார்லீன் ஒங்க காலேஜுக்கு வர்றாளாம். அவங்க ஒருதடவ மூஞ்சத் திருப்பினா திரும்பினதுதான்டி" என்றாள். ஆக்னஸின் கணவருடைய அண்ணன் அந்த வீட்டில்தான் பெண் எடுத்திருந்தார்.

கல்லூரிச் சேவைச் சங்கத்தில் ட்ரூடிதான் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவள். அங்கே ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்பார்கள். டார்லீன் சேர்ந்த புதிதில், ரத்ததான முகாமில் ட்ரூடி போட்ட காபியைக் குடித்துவிட்டு, "இதக் குடிச்சா ரத்தம் குடுக்காதவனும் மயங்கி விழுவான்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஓர்வில் டெஷ் என்ற கிழவர் தம் வேலிக்கு வர்ணம் அடிக்க இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை ட்ரூடி ஆட்களோடு போய் வெள்ளை அடித்தாள். மத்தியானம் டார்லீன் ஆட்களோடு வந்தாள். யாரோ அடிப்பூச்சு பூசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, காய்வதற்குள் மேலே பச்சையை அடித்துவிட்டாள். வேலி பட்டாணி சூப் மாதிரி ஆனது. ஊரே சிரித்தது.

அடுத்த கூட்டத்தில் ட்ரூடி எழுந்து, "ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். டார்லீன் முகம் வெளுத்தது. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவளுக்குச் சகோதரர் என்று சொல்ல வேறு எவரும் இல்லை.

சங்க வழக்கப்படி, கூட்டம் முடியும்போது எல்லாரும் வட்டமாக நின்று, கைகளைக் குறுக்கே போட்டு, பக்கத்திலிருப்பவர் கையைப் பிடிக்க வேண்டும். மனஸ்தாபம் உள்ளவர்களை அடுத்தடுத்து நிறுத்துவார்கள். வட்டம் மூடாமல் கூட்டம் கலையாது. இருவருக்கும் நடுவே இடைவெளி அப்படியே நின்றது. பையன்களுக்கு வயிறு கத்தியது.

டார்லீன்தான் வாயைத் திறந்தாள். "வேலிக்குப் போறதுக்கு முன்னாடி ஒன்னக் கேட்டிருக்கணும் ட்ரூடி. கேக்க வாய் வரல."

ட்ரூடி தரையைப் பார்த்தபடி, "என் காபி அவ்வளவு மோசமா?" என்றாள்.

"மோசந்தான்."

ட்ரூடிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டினாள்.

இருவருமாகப் போய் வேலியைச் சுரண்டினார்கள். அப்போதுதான் என்ன நிறம் வேண்டும் என்று கிழவரைக் கேட்கத் தோன்றியது. அவர் சிவப்பு என்றார்.

பிறகு டார்லீன், ட்ரூடியின் அண்ணன் எல்மரைக் கட்டிக்கொண்டாள். இப்போது மில் தெருவில் ட்ரூடி வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறாள். ரத்ததான முகாமில் காபி போடுவது டார்லீன்தான்.