களிம்பு டப்பாவுக்குள் என் விரல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையில்தான், மூன்று வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் புண் வந்ததும், வேப்பிலை அரைத்த மாமியாரைத் தடுத்துவிட்டு, பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரிய டப்பாவில் களிம்பு கொடுத்தார்.

தடவினால் ஆறும். மறுபடி சிவந்து நீர் வடியும். நானும் இன்னும் அதிகமாகத் தடவினேன். ஒருநாள் கை வீங்கி, காய்ச்சலில் பிள்ளை துவண்டுவிட்டாள்.

"படிச்சவ வைத்தியத்தப் பாரு" என்றார் மாமியார். பிள்ளையையும் களிம்பு டப்பாவையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். "எதால எடுத்துத் தடவுறம்மா?"

"விரலாலதாங்க சார்."

"புண்ணத் தொட்ட விரலையே திரும்ப உள்ள விடுவியா?"

"ஆமாங்க."

"வெடிச்ச தோல்ல கிருமி சுலபமா குடியேறிடும்மா. அதுதான் புண்ணக் கிளப்பி வீங்க வைக்குது. அந்தக் கிருமிய டப்பாவுல சேத்து வச்சு, திரும்பத் திரும்பப் பூசியிருக்க."

அவர் புதிதாகக் கொடுத்த மருந்தில் காய்ச்சல் இறங்கியது. கரப்பான் போகவில்லை, முழுசாகப் போய்விடும் என்று டாக்டரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் கையைக் கழுவிவிட்டு, புது டப்பாவிலிருந்து சுத்தமான கரண்டியால் ஒருவேளைக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்துத் தடவுகிறேன்.

"நாளைக்குப் போயிடுமாம்மா?" என்று மகள் தினமும் கேட்கிறாள். நான் கரண்டியைக் கழுவப் போய்விடுகிறேன்.