திறந்த கதவில் இறங்க முடியவில்லை

மகளைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தபோது ஒருநாள் தனியாக ரயில் ஏறினேன். கதவு தானாகத் திறக்கும் என்று காத்து நின்றதில், இறங்க வேண்டிய ஸ்டேஷன் போயே போய்விட்டது. பட்டனை அமுக்க வேண்டுமாம். "நம்மூராட்டம் தொறந்தே கெடக்கும்னு நெனச்சீங்களாம்மா?" என்று மகள் சிரித்தாள்.

திரும்பி வந்த மறுவாரமே, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊருக்கு நானும் வீட்டுக்காரரும் ரயிலில் வந்தோம். இங்கே கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் படியில் நான்கு இளவட்டங்கள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் நகருங்க, எறங்கோணும்" என்றேன்.

"வண்டி நிக்கட்டுங்க்கா" என்றான் ஒருவன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டி நின்றது, அவன் எழவில்லை. வீட்டுக்காரர் எப்படியோ இடுக்கில் நுழைந்து இறங்கிவிட்டார். நான் படியில் கால் வைக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து இழுக்க, பிளாட்பாரத்தில் முழங்கால் அடிபட விழுந்தேன். சக்கரம் ஒரு சாண் தூரத்தில் உருண்டு போனது. "பார்த்து எறங்கக் கூடாதுங்களாக்கா?" என்று அவன் கேட்டதுதான் இன்னும் எரிகிறது.

இப்போதெல்லாம் ஒரு ஸ்டேஷன் முன்பே கதவருகே போய், படியில் இருப்பவர்களை அதட்டி எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை. "மெதுவாச் சொல்லு" என்கிறார் வீட்டுக்காரர்.

மெதுவாகச் சொல்லித்தான் என் முழங்காலில் நான்கு தையல்.