ரூபி பாஸ் செய்த எண்ணெய்

ரூபிக்கு மூக்கு நீளம் என்று அவள் கணவன் ஜெபதுரை கேலி செய்வான். நீளமெல்லாம் இல்லை, கூர்மை. பக்கத்து வீட்டுக் குழம்பு அடிப்பிடிக்கப் போவதை இங்கிருந்தே மோந்து குரல் கொடுப்பாள். ஜெபதுரை வழியில் ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, ஏலக்காய் மென்று, சர்ச்சிலிருந்து வருகிறவன் முகத்தோடு வந்தாலும் வாசற்படியிலேயே மாட்டிக்கொள்வான். அப்படிப்பட்டவளை அவள் மூக்கை வைத்தே ஏமாற்றினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? ஏமாற்றியவளும் அந்நியம் இல்லை. பதினாறு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு ஒரே டிபன் பாக்ஸில் சோறு தின்ற அருணாதான்.

இருவரும் ஓசூர் சிப்காட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார்கள். வார்னிஷ் கருகியிருந்தால் மீட்டருக்கு முன்னால் ரூபியின் மூக்கு சொல்லிவிடும். அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. குறையுள்ள பீஸை வெறுமனே ரிஜெக்ட் என்று தள்ளக்கூடாது. என்ன குறை, எந்த இடத்தில், எவ்வளவு என்று மஞ்சள் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவர்கள் அதைச் சரிசெய்து திருப்பி அனுப்ப முடியும். காரணம் எழுதாமல் தள்ளுகிறவள் சோம்பேறி என்பது ரூபியின் கட்சி. அருணா இரண்டு வார்த்தையில் முடிப்பதை ரூபி நாலு வரி எழுதுவாள். சூப்பர்வைசர்கூட, "ஏம்மா, லவ் லெட்டரா எழுதற?" என்று கேட்டிருக்கிறார்.

ஒருநாள் அந்த லைனையே கழற்றி வேறு மாநிலத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள்.

அருணாவின் தம்பி ஹரீஷ்குமார் பெங்களூரில் ஆன்லைன் வியாபாரம் செய்கிறவன். எங்கோ படித்துவிட்டு வந்து அவன் சொன்னான்: பழைய எகிப்தில் ஸ்பிரிட் கலந்த சென்ட் கிடையாது. பூவை எண்ணெயில் ஊறப்போட்டு, வாடியதும் எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் புதுப் பூ போட்டு, இப்படியே திரும்பத் திரும்ப மணம் ஏற்றுவார்கள். சீக்கிரம் கெட்டுப்போகாது என்று முருங்கை விதை எண்ணெயை எடுத்துக்கொள்வார்கள். மருதாணிப் பூவில் தைலம் இறக்கினார்கள். பூவைக் கையாளும்போது விரலில் தேன் தடவிக்கொள்வதும் உண்டாம். கேட்டதும் ரூபி சிரித்துவிட்டாள்.

"மருதாணிப் பூவா? அதுக்கு எகிப்துக்கா போவணும்? தொரப்பள்ளி பக்கம் வேலி பூரா அதான் இருக்குது."

அப்படித்தான் ஆரம்பித்தது. அருணா வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். தொரப்பள்ளி பக்கத்திலிருந்து செல்லி என்ற விவசாயக் கூலிப் பெண் பூப் பறித்துக் கூடையில் பஸ் ஏற்றிக் கொண்டுவருவாள். முதல் ஜாடி முழுக்க ஈரத்துணி நாற்றம் அடித்தது. பூவில் பனி இருந்திருக்கிறது என்று ரூபி கண்டுபிடித்தாள். அதன்பின் பனி உலர்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும், நிழலில் துணிமேல் பரப்பி வாட வைக்க வேண்டும் என்று செல்லிக்குச் சொல்லிவைத்தாள். எண்ணெயில் பத்துத் தடவை பூ மாற்றினாள். ஏலக்காயைத் தோலோடு தட்டிப் போட்டாள். எட்டு மாதம் கழித்து ஒருநாள் வடிகட்டிய எண்ணெயை மணிக்கட்டில் தடவிக்கொண்டு அருணா அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் ரூபி இன்றைக்கும் நினைக்கிறாள். பாவி, அதையாவது பொய்யாக அழுதிருக்கலாம்.

பாட்டில் லேபிளில் ரூபியின் இரண்டு கைகளைப் படம் பிடித்துப் போட்டார்கள். விரலெல்லாம் தேன், தேனில் ஒட்டிய பொடிப் பொடிப் பூ. கீழே, 'கையால் மட்டுமே'. அந்தப் படத்தை ரூபி வீட்டில் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள். காயில் கம்பெனியில் இருந்த பதினாறு வருஷத்தில் அவள் கையை ஒருவரும் படம் எடுத்ததில்லை. பிள்ளைகளைத் தவிர இந்த உலகத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த எண்ணெய் ஒன்றுதான் இருந்தது.

பிறகு ஒருநாள் அருணா எண்ணெயில் தோய்த்த இரண்டு காகிதப் பட்டைகளோடு வந்தாள்.

"நம்ம எண்ணெய எவனோ டூப்ளிகேட் பண்றான்டி. ஹரீஷ் வாங்கியாந்தான். எது நம்முது, எது அவனுதுன்னு மோந்து சொல்லு. நாளைக்கி கேஸு கீஸுன்னு போனா எழுத்துல இருக்கணும்."

ரூபி முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததோடு விட்டாளா? சீட்டை எடுத்து எழுதினாள்: 'எடுத்தவுடன் வெல்லப்பாகு மாதிரி இனிக்கிறது. நம்முடையதில் முதலில் பச்சை வாசனை, அப்புறம்தான் இனிப்பு.' அடுத்த வாரம் வந்த போலியில் பச்சை வாசனை இருந்தது. 'முருங்கை விதையின் லேசான கசப்பு அடியில் இல்லை' என்று எழுதினாள். அதற்கடுத்த வாரம் கசப்பு வந்துவிட்டது. 'ஏலக்காய்த் தோலின் வாசம் குறைவு.' 'அரை மணி கழித்து சோப்பு வாடை வருகிறது.' வாரத்துக்கு ஒரு சீட்டு.

"திருடனா இருந்தாலும் கெட்டிக்காரன்டி" என்று ஒருநாள் வியந்துகூடப் போனாள். அருணா சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் வேறு எவளாக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். நாம் இங்கே சீட்டு எழுதி முடித்த மறுவாரம் எங்கோ இருக்கிற திருடன் அதே குறையை எப்படிச் சரி செய்கிறான்? ரூபி யோசிக்கவில்லை. கேட்டது அருணா. எதிரில் அருணா இருக்கும்போது ரூபிக்குச் சந்தேகம் என்ற வார்த்தையே தெரியாது.

இருபத்து மூன்றாவது முறை அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். தன் முழங்கை மடிப்பை மோந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு மறுபடி பார்த்தாள். மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் இடது பட்டையைக் காட்டி, "இதுதான் நம்முது" என்றாள். பழக்க தோஷத்தில் சீட்டில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அருணா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் பூவே இல்லை. திங்கட்கிழமை காலை வெயில் அடித்ததும் ரூபி ஷெட்டுக்குப் போனபோது, உள்ளே நாலு நீலக் கேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் முப்பது லிட்டர். மேலே ஸ்டிக்கரில் 23 என்று எழுதியிருந்தது. முருங்கை எண்ணெய் வந்திருக்கிறது என்று நினைத்துத்தான் மூடியைத் திறந்தாள்.

மருதாணிப் பூ மணந்தது. முதலில் பச்சை, அப்புறம் இனிப்பு, அடியில் அந்தக் கசப்பு. அரை மணி நேரம் மணிக்கட்டில் தடவிக்கொண்டு காத்திருந்தாள். சோப்பு வாடை வராதா, ஏலக்காய் குறையாதா என்று நாய் மாதிரி மோந்தாள். ஒரு குறையும் இல்லை. அந்த வாசனை பிடித்திருந்ததே, அதை அவளால் தாங்க முடியவில்லை. இருபத்து மூன்று சீட்டையும் வைத்துக்கொண்டு பூவே இல்லாமல் இதைச் செய்ய வைத்தது எந்தத் திருடனும் இல்லை என்று அப்போது புரிந்தது.

அருணா பின்வாசலில் வந்து நின்றாள். கேனையும் பார்த்தாள், ரூபியின் மணிக்கட்டையும் பார்த்தாள்.

"பூ எங்கடி இருக்குது?" என்றாள் மெதுவாக. "மாசத்துக்கு நாலு லிட்டர் எறக்கறோம். ஹரீஷ் துபாய் வரைக்கும் ஆர்டர் ஒத்துக்கினு வந்துட்டான்."

"டூப்ளிகேட்டுன்னியே."

அருணா குனிந்து கேனின் மூடியைத் திருகி மூடினாள்.

"லேபிள்ல என் கை இருக்குதுடி. கையால மட்டுமேன்னு போட்டிருக்குது."

"அது அப்பிடியே இருக்கட்டும். உன்ன யாரு போகச் சொன்னா? ஒவ்வொரு லாட்டும் நீதான் பாஸ் பண்ணணும். உன் மூக்கு இல்லாம முடியாது."

"இத நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"பண்ணிட்டியே ரூபி. அன்னிக்கி நம்முதுன்னு நீ காட்டுன பட்ட இதுதான்."

அருணா அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தேதிவாரியாக எல்லாச் சீட்டும் இருந்தன. கடைசியில் 'பாஸ்', அதன்கீழ் ரூபியின் கையெழுத்து. கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். குழியைத் தன்னையே வெட்ட வைத்து, ஆழம் போதுமா என்று தன்னிடமே கேட்டு வாங்குவார்கள் என்று ரூபி கேள்விப்பட்டதில்லை.

"வேற எப்பிடிக் கேக்கறது?" என்றாள் அருணா. "நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன்டி" என்றாள் ரூபி. "இது பூ இல்ல, ஃபேக்டரில பண்ணதுன்னு லேபிள்ல எழுதுன்னு சண்ட போட்டிருப்பேன். அப்பறம் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திருப்பேன். பதினாறு வருஷத்துல நீ கேட்டு நான் எத இல்லன்னேன்?"

ரூபி மணிக்கட்டைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். எண்ணெய் போயிற்று, வாசனை போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருமுனையில் செல்லி எதிரே வந்தாள். தலையில் கூடை, கூடையை மூடி ஈரமில்லாத வெள்ளைத் துணி. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"மழைக்கு அப்பறம் வேலி பூரா பூவுங்க்கா. பனி காயட்டும்னு குந்தியிருந்து பறிச்சாந்தேன். நாளைக்கி இன்னும் ரெண்டு பொம்பளைங்கள கூட்டியாரேன்."

"வாணாம் செல்லி. இனிமே பூ வாணாம்."

செல்லிக்கு விளங்கவில்லை. கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். துணி விலகி, பொடிப் பூவின் மணம் இருவருக்கும் நடுவில் எழுந்தது.

"ஏங்க்கா, நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருக்குது."

"பின்ன யாருங்க்கா வாணாம்னது?"

அருணாவின் பெயர் ரூபியின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் செல்லி அருணாவைத் திட்டியிருப்பாள், இரண்டு பேரும் சேர்ந்தே திட்டியிருக்கலாம், கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். ஆனால் அந்தச் சீட்டில் அருணாவின் கையெழுத்து இல்லை.

"நான்தான்" என்றாள்.

செல்லி துணியை இழுத்து மூடி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி நடந்தாள்.