ஜனாப் இருந்த இடமெல்லாம்

அச்சு மையின் வாசனை எங்கே வந்தாலும், எனக்குத் திருகோணமலைக் கடலும் கூடவே மணக்கும்.

தங்கையின் கலியாணக் கார்டுக்கு எழுத்துக் கோத்து முடித்த கிழமையில்தான் வாப்பா மௌத்தானார். அச்சகத்துக்கு ஓடினேன்.

"ஜனாப் எண்டு இருக்கிற இடமெல்லாம் எடுத்துப்போட்டு மர்ஹூம் எண்டு போடுங்க."

உயிரோடிருப்பவர்களின் பெயருக்கு முன்னால் ஜனாப்; மறைந்தவர்களுக்கு மர்ஹூம். வாப்பாவின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்துக் கோப்பவர் நான் சொன்னபடியே செய்தார்.

கார்டில் இன்னொரு ஜனாபும் இருந்தார், மாப்பிள்ளையின் வாப்பா. உயிரோடிருந்த அந்த மனிதரையும் மர்ஹூமாக்கி, பார்க்காமலே ஊரெல்லாம் கொடுத்துவிட்டேன். சொல்லைத் தேடினேனே தவிர, அது யாருடைய பெயரோடு நிற்கிறது என்று தேடவில்லை.

கிண்ணியாவிலிருந்து படகேறி அவரே வந்தார். கையில் கார்டு. கலியாணம் நின்றுவிட்டது என்று நினைத்து உம்மா கதவுக்குப் பின்னால் அழத் தொடங்கினார்.

"துறையடியில ஒருத்தன் என்னைக் கண்டு ஸலாம் சொல்லவும் பயந்துட்டான், மகன்," என்றார் சிரித்து.

"வேற கார்டு அடிக்கிறன், மாமா."

"வேணாம்." கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

துறைவரை கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, படகில் கால்வைத்தவர் திரும்பி என் தலையில் கைவைத்தார்.

"உங்கட வாப்பாவ அதில தனிய விட ஏலாது மகன். கார்டில நான் அவரோட இருக்கிறன். கலியாண நாளில உங்களோட இருப்பன்."